பெயர்ப்பலகையில் தமிழ்

கோல சிலாங்கூர்த் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் இரயிலை அருகிலிருந்து கண்டவரல்லர். அவ்வட்டாரத்தில் இன்று இரயில் ஓடுவதில்லை. ஆகவேதான் அங்குள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், நாட்டின் முதல் இரயில் ஓடிய கடற்கரையைத் தம் மாணவர்களுக்குக் காட்ட விரும்பினார். வடக்கே பேராக்கில் இருக்கும் கோல செபெத்தாங்கே அவ்விடம். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட்.

தைப்பிங் வட்டாரத்தில் தோண்டிய ஈயத்தைக் கப்பலேற்றுவதற்காக 8 மைல் நீளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டு, 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து தமிழர் மிகுந்த பயனியர் படைப் பிரிவுகள் இரண்டு வந்தன. மறு ஆண்டே சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி இரயில் புறப்பட்டது.

கோல செபெத்தாங்கில் இறங்கிய மாணவர்கள் ஏமாற்றமடைந்தனர். இரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. கடைத்தெருவின் நடுவே பயணச்சீட்டு விற்ற சிறு அறையும் நிலையத்தின் பெயர்ப்பலகையும் மட்டுமே எஞ்சியிருந்தன. அப்பலகையில் உரோம எழுத்து, ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழும் இருந்தது.

“ஐயா, நம் எழுத்து!” என்று ஒரு மாணவி மகிழ்ந்தாள். பின்னர், “இது யாருடைய பெயர்?” என்று வினவினாள்.

“அக்காலத்து ஆளுநர் வெல்ட் என்பவருடையது, அம்மா.”

“பாதை போட்டவர்களின் பெயர் எங்கே?”

ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. ஆண்டவரின் பெயர் உழைத்தவரின் எழுத்தில் நிலைத்துவிட்டது. உழைத்தவரின் பெயரோ எந்த எழுத்திலும் அங்கில்லை. அவ்வுண்மை அவர் நெஞ்சைச் சுட்டது.

அதற்குக் காரணமும் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா எல்லையில் 415 கிலோமீட்டர் பாதை அமைக்கப்பட்டு 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் கிழக்குக்கரைத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு அங்குச் சென்றன. தோட்டத் தமிழரும் பல்லாயிரவராய்க் கொண்டு செல்லப்பட்டனர். மாண்டோர் மிகப் பலர். அவ்வாறு சென்று திரும்பாதவருள் ஆசிரியரின் பாட்டனாரும் ஒருவர். கணவன் பெயரைச் சொல்லலாகாது என்னும் வழக்கப்படி, பாட்டி இறுதிவரை அப்பெயரை உச்சரித்ததே இல்லை. தந்தையாரின் பிறப்புச் சான்றிதழ் ஒன்றில் மட்டுமே அது பிழைத்திருந்தது.

திரும்பும் வழியில் ஆசிரியர் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் அளித்தார். இந்நாட்டிற்கு முதலில் வந்த தம் முன்னோரின் பெயரை ஒவ்வொருவரும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும் என்பதே அது.

மறுவாரம் சிலரே எழுதி வந்தனர். கேட்பதற்குப் பெரியவர் இல்லை என்றனர் பலர். ஆசிரியர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் தம் பாட்டனாரின் பெயரை முதலில் எழுதினார். அதன் கீழே, எழுதி வந்தவர்கள் ஒவ்வொருவராய் வந்து எழுதினர். அன்று மாலை பள்ளி முடிந்த பின்னரும் அக்கரும்பலகை அழிக்கப்படவில்லை.