மலைப்பாதையும் சுமைப்பெட்டியும்

ஊவா மாகாணத்தின் தலைநகரான பதுளை, மலைகள் சூழ்ந்த அழகிய ஊர். 1924ஆம் ஆண்டு இங்கே வந்து சேர்ந்த புகையிரதப் பாதை இதற்கு அப்பால் செல்லவில்லை. பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சாமான்கள் யாவும் வளைந்தேறும் சாலை வழியேதான் போக வேண்டும்.

முற்காலத்தில் பொதிமாடுகள் இம்மலைகளில் சுமையேற்றிச் சென்றன. முதுகின் இருபுறமும் பொதிகள் சமமாகத் தொங்கும். ஒன்று கனத்தால் மாடு தடுமாறும். இன்று லயத்துக்குச் சாமான் கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிளுக்கும் அதே நியாயந்தான்.

பின்புறம் பெட்டி பொருத்த விரும்புவோர், பெட்டியின் அழகைப் பார்க்குமுன் அதைத் தாங்கும் கரியரைப் பார்த்தல் வேண்டும். அது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு மரையாணிகளால் பிணைக்கப்பட வேண்டும். மட்கார்டை மட்டும் நம்பினால், குண்டும் குழியுமான தோட்டப் பாதை அதைப் பிளந்துவிடும். கரியருக்கும் பெட்டிக்கும் குறித்துள்ள எடைகளில் குறைந்ததே நமக்கு வரம்பு.

பெட்டி பின்சக்கர அச்சுக்கும் பின்னால் அமைவதால், அதில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கிறது. ஏற்றத்தில், அதுவும் மழை நனைத்த வளைவில், வண்டி சொற்கேளாது. ஆகவே அரிசி மூட்டையை ஆசனத்தின் மேல், ஓட்டுபவரின் முதுகை ஒட்டிக் கட்டுக. மருந்து, பாடப் புத்தகம் போன்ற இலேசான பொருள்களுக்கே பெட்டி.

அதிர்வு எந்த ஆணியையும் தளர்த்தும். ஆதலால், 2,036 மீட்டர் உயர்ந்த நமுனுகுல மலை மஞ்சு விலகித் தெரியும் இடத்தில் சற்றே நின்று, ஆணிகளைத் தொட்டுப் பார்த்தபின் மேலே ஏறுக. லயத்து வாசலில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.