பெண் என்று யார் எழுதித் தருவது?

2006 டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடிகளில் ஓடி வெள்ளி வென்றார். அவருடைய பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். சில நாள்களிலேயே, பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி வெளியானது. பதக்கம் பறிக்கப்பட்டது.

‘தேறவில்லை.’ கணக்குப் பரீட்சைக்குச் சொல்வதுபோல் ஒரு பெண்ணின் பிறப்புக்குச் சொன்னார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் மகளாக, அக்காவாக வாழ்ந்தவரிடம், நீ பெண்ணா என்று நாடே கேட்டது. ரகசியமாக இருந்திருக்க வேண்டிய மருத்துவ விவரம் தொலைக்காட்சியில் விவாதமானது. வென்ற அன்று ‘தங்க மங்கை’, ‘வீரமங்கை’ என்று அடைமொழிகளை அள்ளித் தரும் நம் ஊடகங்களுக்கு, அவற்றைப் பிடுங்கிக்கொள்ள ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. மறு ஆண்டு சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். 2012இல் அவர் மீண்டும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்வது செய்தியானது.

சூளையில் கல் சுமந்தபோது அவர் தோளைப் பார்த்து யாரும் சந்தேகப்படவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதே உடல் பதக்க மேடையில் ஏறியபோதுதான் சோதனை தேவைப்பட்டது.

தேவிகாபுரத்தில் நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் விடிவதற்கு முன்பே தார் சுற்ற உட்காருவார்கள். அம்மா குழித்தறியில் இறங்கினால் மிதி மிதித்தே கெண்டைக்கால் கல்லாகியிருக்கும். அந்தக் காலை யாரும் ஆம்பளைக் கால் என்று சொன்னதில்லை. பள்ளியில் நான் 400 மீட்டர் ஓடத் தொடங்கியதும் என் காலுக்கு அந்தப் பெயர் வந்தது. “கட்டிக்குடுக்கப்போற புள்ள, வெயில்ல ஓடி இன்னும் கருத்துப் போவாதடி” என்றார் அத்தை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் நெய்யும் சேலையைக் கட்டிக்கொண்டு விளம்பரத்தில் சிரிக்கும் பெண் எங்கள் நிறத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளை நிறம், மெல்லிய உடல், தணிந்த குரல் என்று பெண்மைக்கு ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவுக்குள் உழைக்கும் பெண்ணின் உடல் அடங்காது. என்னை அத்தையின் பேச்சோடு விட்டுவிட்டார்கள். சாந்தி தலித் பெண். அவருடைய உடலைச் சந்தேகிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று எவரும் நினைத்துக்கொள்ள, சாதி முன்பே வழி செய்து வைத்திருந்தது.

விளையாட்டு உலகின் விதியும் இந்தக் கண்ணோட்டத்தையே நம்பியிருந்தது. 1960களில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் நிர்வாணமாக நிறுத்தினார்கள். பிறகு குரோமோசோம் சோதனை வந்தது. 1999இல் ஒலிம்பிக் குழு எல்லாருக்கும் கட்டாயம் என்பதைக் கைவிட்டபின், சந்தேகம் எழுந்தவர்களுக்கு மட்டும் சோதனை என்று ஆனது. சந்தேகம் யார்மேல் எழுந்தது? 2009இல் பெர்லினில், 18 வயதுத் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண் காஸ்டர் செமன்யா மேல் எழுந்தது. 800 மீட்டர் இறுதி ஓட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, அவருக்குச் சோதனை நடப்பது உலகத்துக்கே சொல்லப்பட்டது. வளரும் நாடுகளின் கிராமங்களிலிருந்து வந்த நான்கு இளம் வீராங்கனைகளுக்கு, ஓட அனுமதிப்பதற்காக அறுவை சிகிச்சை செய்ததை 2013இல் பிரெஞ்சு மருத்துவர்களே கட்டுரையாக எழுதினார்கள். அந்த நால்வருக்கும் உடல்நலக் குறை எதுவும் இல்லை.

2014இல் காமன்வெல்த் போட்டிக்கு முன் டூட்டி சந்த் நீக்கப்பட்டார். அவர் ஒடிசாவின் கோபால்பூரைச் சேர்ந்த நெசவாளர் வீட்டுப் பெண். அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் தெருப் பெண் ஒருத்தியைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது. இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோனை மருந்தால் குறைத்துக்கொண்டு வா என்றார்கள். டூட்டி மறுத்தார். விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த விதியை மன்றம் நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார். சாந்திக்கு இல்லாத வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் டூட்டியின் பக்கம் நின்றார்கள். எட்டு ஆண்டுகளில் மாறியது அதுதான். உடலின் நியாயம் இருவருக்கும் ஒன்றே.

போட்டியில் நியாயம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். ஆனால் உயரமும் நீண்ட கையும் பெரிய நுரையீரலும் பிறப்பிலேயே வருபவைதான். அவற்றை வரம் என்கிறோம். நல்ல சாப்பாடும் காலணியும் பயிற்சியாளரும் பணத்தால் வருபவை. அவற்றை யாரும் அளப்பதில்லை. பெண்ணின் உடலில் இயல்பாக உள்ள ஒன்றை மட்டும் மோசடிபோலப் பேசுகிறோம். ஆண் வீரர் எவரும் தான் ஆண் என்று சான்றிதழ் காட்டி ஓடியதில்லை.

2025 ஜூலையில், செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் முதல், உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் ஒவ்வொருவரும் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரே சோதனை என்பதால் இது சமம் என்கிறார்கள். முடிவு வெளியே கசிந்தால் சூரிச்சில் இருப்பவளுக்கு வழக்கறிஞர் இருப்பார். கத்தக்குறிச்சியில், தேவிகாபுரத்தில் இருப்பவளுக்கு என்ன இருக்கும்? ஊர் இருக்கும். ஊரின் வாய் இருக்கும்.

சாந்தி பிறகு பயிற்சியாளரானார். பிள்ளைகளை ஓடக் கற்றுக்கொடுத்தார். தோஹா பதக்கம் அவரிடம் திரும்பவில்லை. அதைத் திருப்பித் தரக் கேட்பது ஒரு பழைய வழக்கைக் கிளறுவதல்ல. இனி ஓட வரும் சிறுமிகளுக்கு, உன் உடல் உன்னுடையது என்று நாம் தரவேண்டிய முதல் உறுதி அது.