திரேஸ்புரம் முதல் துறைமுக வாசல் வரை

மே மாதத் தூத்துக்குடியில் நடக்க நினைப்பவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் உப்புக்காற்று தோலில் ஒட்ட ஆரம்பித்துவிடும். உறவில் ஒரு தம்பதி கோடை விடுமுறைக்கு ஸ்டாக்ஹோம் போய், நாள் முழுக்கத் தண்ணீரோரம் நடந்த படங்களைக் காட்டினார்கள். நம் கரையிலும் அப்படி நடக்கலாமே என்றாள் மனைவி. திருச்செந்தூர் போகிற பலருக்கும் தூத்துக்குடி பஸ் மாறும் ஊர்தான். நாங்கள் அங்கேயே தங்கி, கடற்கரைச் சாலையை வடக்கிலிருந்து தெற்காக நடந்தே கடப்பது என்று முடிவு செய்தோம்.

தொடக்கம் திரேஸ்புரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. கரையில் ஒருவர் சாக்கைக் கவிழ்த்துச் சங்குகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கடலிலிருந்து வந்த சங்கு வெள்ளையாக இருக்காது. பழுப்புத் தோல் போர்த்து, சேறு அப்பி, கைக்குக் கனமாக இருக்கும். அவர் கத்தி முனையால் சுரண்டிக் காட்டிய இடத்தில் மட்டும் பளிச்சென்று வெள்ளை தெரிந்தது.

"இதையா வங்காளத்துல வளையலா அறுக்காங்க?"

"இதத்தான் தங்கச்சி. கல்யாணம் ஆன பொம்பளைக போடுத வளையல்."

"எவ்வளவு ஆழம் அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன்.

"எட்டுப் பாகம், பத்துப் பாகம். அதுக்கு மேலயும் போவாக."

ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம், ஏறக்குறைய ஆறடி. இந்தக் கடற்கரையின் கதை முழுவதும் அந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மன்னார் வளைகுடா கரையோரத்தில் ஆழமற்றது. அதனால்தான் முத்துச்சிப்பி விளையும் பார் என்ற கடலடித் திட்டுகளை, ஒரு மூச்சை அடக்கி இறங்கும் மனிதனால் தொட முடிந்தது. இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டி இறங்குவார்கள். மேலே கயிற்றைப் பிடிப்பவர், இறங்குபவருடைய மனைவியின் உடன்பிறந்தவராக இருப்பாராம். தங்கையின் தாலி அந்தக் கையில் இருக்கிறது என்பதுதான் காரணம். இதைக் கேட்டதும் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பாண்டியர், போர்ச்சுகீசியர், 1658-இல் அவர்களிடமிருந்து ஊரைப் பறித்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என வந்தவர்கள் எல்லோருக்கும் வருமானம் அந்த மூச்சிலிருந்தே வந்தது. 1961-க்குப் பிறகு அரசு நடத்தும் முத்துக்குளிப்பு இல்லை. சங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தெற்கே நடந்தால் பழைய துறைமுகமும் பனிமய மாதா பேராலயமும். மாதாவின் திருவுருவம் 1555-இல் மணிலாவிலிருந்து வந்தது என்பது மரபு. இப்போதுள்ள ஆலயம் 1713-ஐச் சேர்ந்தது. ஆகஸ்ட் 5 திருவிழாவில் நிற்க இடம் கிடைக்காத முற்றம், மே மாதக் காலையில் நாலைந்து பெண்களோடு அமைதியாக இருந்தது. மீனவப் பெண் ஒருவர் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டு வந்தார்.

பழைய துறைமுகம் தோணிகளுக்கு உரியது. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் இங்கிருந்துதான் போகின்றன. முத்துக் குளிப்பவனுக்கு வாழ்வு தந்த அதே ஆழமின்மை, கப்பல்காரனுக்குத் தொல்லையாக இருந்தது. நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரமிடும். ஆளும் சரக்கும் படகில் போய் ஏற வேண்டும். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, மறு ஆண்டே கலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியதும் இந்தத் தண்ணீரில்தான். 1908 மார்ச்சில் அவரைச் சிறையில் தள்ளினார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த மனிதரின் துணிச்சல் நெஞ்சை அடைக்கிறது. கையில் பெருமுதல் இல்லாமல், ஆழமில்லாத கரையில், ஒரு பேரரசின் கப்பல் கம்பெனியோடு போட்டி போட்டார்.

இடையே கிரேட் காட்டன் ரோட்டுக்குத் திரும்பி மக்ரூன் வாங்கினோம். முந்திரியும் சர்க்கரையும் அடித்த முட்டை வெள்ளையும்தான். நாக்கில் வைத்தால் மேலோடு நொறுங்கி, முந்திரி மட்டும் நிற்கும். இந்த ஊரை விட்டு வெளியே இதே கைப்பக்குவம் எனக்குக் கிடைத்ததில்லை.

ரோச் பூங்கா அருகே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம். 1973-இல் கே. அழகர்சுவாமி இந்தியாவில் முதன்முதலாக வளர்ப்பு முத்தை உருவாக்கியது இம்மையத்தின் பணியில்தான். சோதனை வடக்கே வேப்பலோடையில் நடந்தது. சிப்பிக்குள் ஒரு மணியையும் இன்னொரு சிப்பியின் மென்தசைத் துண்டையும் வைத்துவிட்டால், அது மணியைச் சுற்றி முத்துப்படலத்தைச் சுரக்கும். ஆயிரமாண்டு மனித மூச்சு செய்த வேலைக்குக் கத்தியும் இடுக்கியும் வந்துவிட்டன. ஆனால் முத்துக்குளித்த குடும்பங்களுக்கு அந்த அறிவு வாழ்க்கையாக மாறவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அதற்குத் தெற்கே நடை கடினம். நிழலே இல்லை, லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. முடிவில் 1974 ஜூலை 11-இல் திறந்த புதிய துறைமுகம், இன்று வ.உ.சி. பெயரில். ஆழத்தைத் தேடிக் கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்களை நீட்டியிருக்கிறார்கள். வ.உ.சி. காலத்தில் படகில் போய்த் தொட்ட கப்பல், இங்கே சுவரோரம் வந்து கட்டுகிறது.

"பாஸ் இல்லாம உள்ள விட மாட்டோம் சார்" என்றார் காவலர். மினி பஸ் வரும் வரை வாசலோரம் உட்கார்ந்து, பொட்டலத்தில் மிச்சமிருந்த மக்ரூனை அவருக்கும் கொடுத்தோம்.