அரண்டவன் கண்ணும் ஒரு ரிசீவரும்



‘காக்னிட்டிவ் ரேடியோ’ பற்றி ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்டு மக்வயரும் 1999-ல் எழுதினார்கள். ஆள் இல்லாத அலைவரிசையைத் தானே கண்டுபிடித்துப் பேசும் ரேடியோ அது. பஸ்ஸில் காலி சீட்டில் உட்கார்ந்து, உரியவர் வந்ததும் எழுந்து கொள்வது போல!

இதை எங்க அப்பாகிட்டே சொன்னேன். சிவகிரியில் கரும்பு வெட்டுகிறவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ‘காலியாத்தான் கெடக்குன்னு அந்தப் பெட்டிக்கு எப்படில தெரியும்?’ என்றார். கேள்வி என்றால் இதுவல்லவா கேள்வி!

பெட்டிக்குக் காது ரிசீவர். கோளாறே அந்தக் காதில்தான். உள்ளே சிக்னல் இரண்டு பாதையாகப் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே சரியாக 90 டிகிரி இருக்க வேண்டும். மற்றதெல்லாம் சரியாக இருந்து 1 டிகிரி மட்டும் பிசகினாலே, பலமான சிக்னலின் பிம்பம் எதிர்ப்புற அலைவரிசையில் வந்து நிற்கும். அதன் சக்தி அசலில் சுமார் 13,000-ல் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள்! தொலைதூரத்து மெல்லிய சிக்னலைவிட அசல் லட்சம் மடங்கு பலம் என்றால், பிம்பமே அதைவிட 7 மடங்குக்கு மேல் பெரிது. காலி சீட்டில் ஆள் இருப்பதாக ரிசீவர் நம்பிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

இன்னொரு கோளாறு ஆசிலேட்டரின் நடுக்கம். பக்கத்துச் சேனலின் பலமான சிக்னலை அது பரப்பிவிட, மெல்லிய சிக்னல் அதற்குள் மூழ்கிவிடும். ஆள் இருப்பதே தெரியாமல் அவர் மடியிலேயே உட்கார வேண்டியதுதான்! முன்னது நமக்கு நஷ்டம். பின்னது அடுத்தவருக்குத் தொல்லை. அமெரிக்காவின் எப்.சி.சி. கூட 2010-ல், டேட்டாபேஸைக் கேட்டு நடக்கும் கருவிகளுக்குக் காதால் கேட்டறிவது கட்டாயமில்லை என்று விதியைத் தளர்த்தியது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? 470–590 மெகாஹெர்ட்ஸில் உள்ள 15 டி.வி. சேனல்களில் குறைந்தது 12, நாட்டின் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் காலி என்று ஐ.ஐ.டி. பம்பாய் ஆய்வாளர்கள் 2014-ல் கணக்கிட்டார்கள். மகாராஷ்டிராவின் பால்கர் கிராமங்களில் இணையத்துக்காகச் சோதித்தும் பார்த்தார்கள். இந்த அலைகள் நீண்ட தூரம் போகும். மரம் மட்டைகளுக்குள் நுழைந்தும் போகும். நம்மைப் போன்ற மலையடிவார ஊர்களுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் நம்ம ஊருக்கு விலை குறைந்த ரிசீவர்தானே வரும்? விலை குறைந்த பாகத்தில்தான் பிசகும் அதிகம்.

தீர்வு உண்டு. பிசகு எவ்வளவு என்று அளந்துவிட்டால், டிஜிட்டல் கணக்கில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம். அளப்பது யார்? பெரிய விஞ்ஞானிகள் மட்டுமா? மீட்டரும் சி.ஆர்.ஓ.வும் பிடிக்கத் தெரிந்த நாமும்தான்!

ஆகவே தோழர்களே, லேபில் ரீடிங்கோடு கருவியின் பிழையையும் சேர்த்து எழுதுங்கள். விலை உயர்ந்த கருவி நம்மால் வாங்க முடியாது. கையில் இருக்கும் கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க முடியும். அதற்குக் காசு தேவையில்லை, பொறுமை போதும்!