கும்பகோணத்து போட்டோக்காரர்

போட்டோ எடுப்பவரின் தொழில் பொத்தானை அமுக்குகிற அந்த ஒரு க்ஷணத்தோடு முடிந்துவிடுகிறது என்று எண்ணுகிறவர்கள், அதற்கு முன்னால் அவர் வெயிலிலும் மழையிலும் செய்கிற பிரயாணங்களையும், அதற்குப் பின்னால் இருட்டறையில் அவர் கழிக்கிற இரவுகளையும் அருகிலிருந்து பார்க்காதவர்கள். காவிரிக் கரை ஊர்களில் தகப்பன், பிள்ளை, பேரன் என்று இத்தொழிலிலேயே ஊன்றிவிட்ட குடும்பங்களைப் பற்றி எழுதவேண்டும் என்ற ஆவல் வெகுகாலமாக என் மனத்தில் இருந்து வந்தது. அந்த ஆவலே கும்பகோணத்தில், கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றின் மாடியில் ஸ்டூடியோ நடத்திவரும் ஒரு பெரியவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எண்பதை நெருங்கும் வயது. பேச்சைவிடக் காரியத்தைக் காட்டுவதில் விருப்பமுள்ளவர்.

ஸ்டூடியோவின் கூரை வடக்கே சாய்ந்த கண்ணாடிக் கூரை. மின்சார விளக்கை நம்பிப் படம் எடுக்க முடியாத காலத்தில் அவருடைய தகப்பனார் கட்டியது. வடக்கு வெளிச்சம் நேராக உள்ளே பாய்வதில்லை. முகத்தில் கடுமையான நிழல் விழாமல், காலை முதல் பிற்பகல் வரை அனேகமாக ஒரே சீராக இருக்கும். ஆனால் இந்தச் சௌகரியம் மேல்நாட்டார் புத்தகத்தில் எழுதியபடியே நம் ஊருக்குப் பொருந்துவதில்லை. சித்திரை பிறந்து ஆடி முடிகிறவரை உச்சிவேளைச் சூரியன் இவ்வூருக்கு வடக்கே ஒதுங்கி நிற்பதால், அந்த மாதங்களில் கண்ணாடியின் கீழே வெள்ளைத் துணித் திரையை இழுத்து மூடவேண்டியிருந்தது. அந்தத் திரைக்கான கம்பிகள் இன்னும் இருக்கின்றன. எதிர்ச்சுவரில் தூண்களும் படிக்கட்டும் எழுதிய சீலை, நிறம் மங்கித் தொங்குகிறது. தாழம்பூ வைத்துத் தைத்த சடையோடு எத்தனையோ பெண்கள், பின்னால் வைத்த நிலைக்கண்ணாடியில் அந்தச் சடையும் தெரியும்படி, அந்தச் சீலைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

இத்தொழிலில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ரீடச்சிங் வேலைதான். சாய்வான மேசையில் பதித்த தேய்த்த கண்ணாடியின்மேல் நெகடிவை வைத்து, கீழேயுள்ள முகக்கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தை மேலே அனுப்பி, பென்சில் பிடிப்பதற்காக ஒரு மருந்தைத் துளி தொட்டு விரலால் தேய்த்துவிட்டு, உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டிய கெட்டிப் பென்சிலால் அவர் வேலை தொடங்கியபோது, அந்த முதிய கையில் நடுக்கமே இல்லாததைக் கண்டு வியந்தேன். அம்மைத் தழும்பும் கண்ணின் கீழ்க் குழியும் படத்தில் கறுப்பாக விழும் இடங்கள். ஆகவே நெகடிவில் அவை வெறும் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவை, கண்ணுக்குத் தெரியாத சிறு சுழிகளால் சுற்றுப்புறத்தின் அடர்த்திக்குக் கொண்டுவர வேண்டும்.

“அழுத்தக்கூடாது தம்பி. அழுத்தினா பென்சில்தான் தெரியும், ஆள் போயிடுவார்” என்றார்.

தழும்பை முழுவதும் அழித்துவிடுவீர்களா என்று கேட்டேன். “அது எப்படி? அவர் அம்மா பார்த்தா அடையாளம் தெரியணுமே. ஆழத்தைக் குறைப்பேன், தழும்பை எடுக்கமாட்டேன்” என்றார்.

பழைய ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரையும் வெளுப்பாக்கிக் காட்டினார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. வெளுப்பை உயர்வென்று கருதும் மனோபாவம் நம்மிடம் இருந்தது உண்மை, இன்றும் இருக்கிறது. ஆனாலும் பழி முழுவதையும் பென்சில் பிடித்தவர்மேல் சுமத்துவது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. அக்காலத்தில் பெரிதும் வழங்கிய ‘ஆர்த்தோ’ பிளேட்டுகளும் பிலிம்களும் சிவப்பு ஒளியை உணரமாட்டா. சிவப்பு விளக்கின் கீழ் அவற்றைக் கழுவ முடிந்தது அந்தக் குணத்தினால்தான். அதே குணத்தினால் குங்குமம் கறுப்புப் பொட்டாயிற்று. செம்மை கலந்த நம் மேனிநிறம் உள்ளதைவிட இருண்டு விழுந்தது. பவுடரும் பென்சிலும் ஓரளவுக்கேனும் அந்தக் குறையை ஈடுசெய்ய வந்தவை.

இருட்டறைக்கும் இந்நாட்டுச் சீதோஷ்ணத்துக்கும் இருந்த பகையைப் பற்றிப் பெரியவர் வெகுநேரம் பேசினார். படத்தைத் தாங்கும் பூச்சு ஜெலட்டின். வைகாசி மாதத்துத் தண்ணீரில் அது ஊதிப் பெருத்து, ஓரங்களில் சுருங்கி, சில சமயம் பிளேட்டைவிட்டே கழன்று போய்விடும். ஆகவே வெயில் காலத்தில் டெவலப்பிங் வேலையெல்லாம் பின்னிரவில்தான். கிணற்றுநீரை முன்மாலையிலேயே மண்பானைகளில் இறைத்து வைத்து, டெவலப்பரிலிருந்து எடுத்ததும் படிகாரக் கரைசலில் இறுக்கி, பிறகு ஹைப்போவில் போட்டு, கடைசியாக ஹைப்போவின் வாசனைகூட இல்லாதபடி நீர் மாற்றி மாற்றி அலசவேண்டும். அந்த அலசலில் சோம்பியவர்களின் படங்கள் சில வருஷங்களிலேயே பழுத்துப் போயின.

இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் அயல்நாட்டு பிலிம் அரிதாகிப்போன வருஷங்களில், ஒவ்வொரு படத்தையும் எண்ணி எண்ணியே எடுத்திருக்கிறார். உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ பிலிம் கடைகளுக்கு வந்த பிறகே சற்று மூச்சுவிட முடிந்ததாம்.

வெளியூர்ப் பயணங்களில் கல்யாணங்களைவிட அவருக்கு நன்றாக ஞாபகமிருப்பவை துக்கவீட்டுப் படங்கள். உயிரோடிருந்த காலமெல்லாம் ஒரு படமும் எடுத்துக்கொள்ளாத தாயார் இறந்துவிட்டால், எரியூட்டுவதற்கு முன் முகத்தைப் பிடித்துவைக்க வேண்டுமென்று பிள்ளைகள் ஆள் அனுப்புவார்கள். மரக் காமிராவும் முக்காலியும் கறுப்புத் துணியும் சைக்கிளிலோ வண்டியிலோ ஏறும். நாற்காலியில் உட்கார்த்தி, கைகளின் கீழே துணி கொடுத்து முதுகோடு கட்டி, கட்டு தெரியாதபடி மாலையை இழுத்துவிட்டு, இருபுறமும் மக்களை நிறுத்தி எடுப்பார். மூடிய கண்களைப் பிறகு பிரதியில் தூரிகையால் திறந்து எழுதுவார். பணம் அன்றைக்கு வாங்கும் வழக்கமில்லை. கருமாதிக்குப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான்.

மார்கழியில் நாச்சியார்கோவில் கல் கருட சேவைக்கு அவர் போனபோது நானும் உடன் போனேன். சந்நிதியில் நாலு பேர் தூக்கும் கருடன், வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் பெருகி, வாசலில் அறுபத்துநாலு பேர் தோளில் வருகிறது என்பது அவ்வூர்ப் பிரசித்தம். உள்ளே காமிராவை எடுக்கவில்லை. வீதிக்கு வந்ததும், பேரன் பின்னாலிருந்து இடுப்புத் துண்டைப் பற்றி வழிகாட்ட, அந்த ஜனநெருக்கத்தில் பெரியவர் முகம் சுவாமிபக்கமே இருக்கப் பின்னுக்குப் பின்னாகவே நடந்தார். “சாமிக்கு முதுகு காட்டக்கூடாதுங்கிறது ஒண்ணு. அதோட, தூக்கறவங்க தோள்ல நரம்பு புடைக்கிற நேரம், முன்னால நிக்கிறவனுக்குத்தான் தெரியும்” என்றார். வாகனத்தைவிட அந்தத் தோள்களையே அவர் அதிகம் எடுத்திருக்கிறார் என்பது வீட்டில் பழைய பிரதிகளைப் பார்த்தபோது தெரிந்தது.

அந்தப் பழைய பிரதிகள், இப்பக்கத்துக் கோயில்களை முன்பே படம் எடுத்த ஒருவரை எனக்கு நினைவூட்டின. 1856-ல் சென்னை அரசாங்கத்தின் போட்டோக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை வழியாகச் சுற்றி, 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சூழ்ந்த கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்துக்குச் சேர்த்தார். அவருடைய படங்கள் இன்று லண்டன் காட்சிச்சாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்துச் சேர்த்த படங்களும் லட்சத்துக்கு மேல் உள்ளன. கற்களின் முகங்களுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு மனிதர் முகங்களுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகடிவுகளைச் சோடா கலந்த வெந்நீரில் கழுவிப் படச்சட்டங்களுக்குக் கண்ணாடியாக விற்றார்கள். பிலிம்களை, வெள்ளி எடுப்பவர்கள் எடைபோட்டு வாங்கிப் போனார்கள். ராஜாவும் ஜமீன்தாரும் அல்லாத குடியானவர், தட்டார், நெசவாளர், சமையற்காரர் ஆகியோருடைய ரூபத்துக்கு வேறு சாட்சியே இல்லாத நிலையில், இது சரித்திரத்துக்கு நேர்ந்த நஷ்டம்.

பெரியவர் ஒன்றையும் விற்கவில்லை. தகரப்பெட்டிகளில் காகித உறையிட்ட நெகடிவுகள், ஒவ்வொன்றுக்கும் எண், எண்ணுக்கு எதிரே பெயர், ஊர், அளவு எழுதிய பேரேடுகள். நான் இருக்கும்போதே திருபுவனத்திலிருந்து ஒரு பெண் வந்து, பாட்டியின் படம் மழையில் நனைந்து கெட்டுவிட்டதாகவும், 1963-ல் இங்கேதான் எடுத்ததாகவும் சொன்னாள். அவர் அந்த வருஷத்துப் பேரேட்டைப் பிரித்து விரலை ஓட்டி, ஊரையும் பெயரையும் படித்துக் காட்டிக் கேட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு அவளிடம் சொன்னார்: “வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாம்மா. பழைய சட்டம் இருந்தா, அதையும் எடுத்துக்கிட்டு வா. அந்த அளவுக்கே போட்டுத் தர்றேன்.”