மூன்றாவது நாளும் ஒரு டம்ளர் பாலும்



போன வாரம் ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "அதான் வாரம் மூணு நாள் மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்களேங் டீச்சர், அப்புறம் எதுக்குங்க பால் பாயசம் வேண்டாங்கறீங்க?" பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கும்போது பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது பனியன் கம்பெனி நடத்துகிற என் பழைய மாணவர்களுக்கானது. படித்துக்கொண்டே வாருங்கள், வரும்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்து ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவள். டாக்டர் இல்லை. நாலு வருடமாக டயாலிசிஸில் இருப்பதால், டாக்டரிடமும் டெக்னீஷியனிடமும் உணவு ஆலோசகரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். என் மாத்திரைச் சீட்டைப் பார்த்து யாரும் மருந்து வாங்க வேண்டாம்.

இயந்திரம் நன்றாகச் செய்கிற வேலைகள் சில உண்டு. யூரியாவை எடுக்கும், பொட்டாசியத்தை எடுக்கும், கூடுதலாக ஏறின நீரை எடுக்கும். ஒருமுறை உட்கார்ந்தால் நாலு மணி நேரம். அந்த நேரத்தில் மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் நம் ரத்தம், மறுபக்கம் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர்க்கரைசல். அந்தத் தண்ணீரைத் தயாரிப்பது நம் ஊர்ச் சாயக்கழிவைச் சுத்திகரிக்கிற நிலையங்களில் இருக்கிற அதே ஆர்.ஓ. முறைதான். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இயந்திரம் தடுமாறுவது பாஸ்பரஸிடம். உடம்பில் உள்ள பாஸ்பரஸில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி உடல் செல்களுக்குள். ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. இயந்திரம் சுத்தம் செய்வதோ ரத்தத்தை மட்டும். புதுச் சிவப்புச் சேலையை வாளியில் ஊறப்போட்டுப் பாருங்கள். முதல் தண்ணீரில் சாயம் குபுகுபுவென்று இறங்கும். தண்ணீரை மாற்றினால் கொஞ்சம் இறங்கும். அப்புறம் நூலுக்குள் இருக்கிறது மெதுவாகத்தான் கசியும், நாம் அவசரப்பட்டால் கேட்காது. பாஸ்பரஸும் அப்படித்தான். முதல் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வேகமாக இறங்குகிறது. பிறகு செல்களுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஊசியைப் பிடுங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் அளவு மறுபடி ஏறிவிடுகிறது.

இங்கே ஒரு சின்னக் கதை. டீச்சர் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1669-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்பவர், தங்கம் செய்யலாம் என்று நினைத்து வாளி வாளியாகச் சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை. இருட்டில் ஒளிர்கிற ஒரு பொருள் வந்தது. அதுதான் பாஸ்பரஸ். அதாவது மனிதன் இந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்ததே சிறுநீரிலிருந்துதான். நல்ல சிறுநீரகம் தினமும் சத்தமில்லாமல் அதை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்குச் சிறுநீரே சரியாக இல்லாதபோது அது எங்கே போகும்?

இனிமேல் கணக்கு. இந்தக் கணக்கை நான் தனியாகப் போடவில்லை. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். 1991-92 செட். இப்போது கட்டிங் மாஸ்டர். பெயர் வேண்டாம் என்றான், மற்றதை எழுதச் சம்மதித்தான். முதல் நாள் என்னை அந்தக் கட்டிலில் பார்த்ததும் ஊசி குத்தியிருந்த கையோடு எழுந்து நிற்கப் பார்த்தான். நர்ஸ் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் அடங்கிவிட்டோம்.

ஒருநாள் அவனிடம் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். நாம் ஒரு நாளில் சாப்பிடுகிற சாப்பாட்டில் சுமார் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள். குடல் அதில் 60 சதவீதத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும். நாளைக்கு 600. வாரத்துக்கு?

"4200-ங்க டீச்சர்."

ஒருமுறை டயாலிசிஸ் செய்தால் சுமார் 800 வெளியேறும். மூன்று முறைக்கு 2400. மீதி?

"1800."

அந்த 1800-க்காகத்தான் சாப்பாட்டோடு மாத்திரை. கால்சியம் அசிடேட் 667 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சுமார் 30 மில்லிகிராம் பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகும். நாளைக்கு ஆறு மாத்திரை என்றால் 180. வாரத்துக்கு 1260. கழித்தால் மீதி 540. ஏழால் வகுத்தால் நாளைக்கு 77 சொச்சம். குடல் எடுத்துக்கொள்வது 60 சதவீதம்தான் என்பதால், தட்டில் குறைக்க வேண்டியது 130 மில்லிகிராம். அது எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான்! பாயசத்துக்குப் பயப்படுகிறவள் என்று கேலி செய்த என் தம்பி பையன் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

இது தோராயக் கணக்குதான். ஆளுக்கு ஆள், இன்னும் வருகிற சிறுநீரின் அளவுக்கு ஏற்ப, உடம்பு எடைக்கு ஏற்ப மாறும். ஆனால் அவன் அடுத்ததாகச் செய்தது எனக்கு மறக்காது. கேட்காமலேயே கீழே இன்னொரு கணக்கைப் போட்டான். மூன்று முறைக்குப் பதில் இரண்டு முறை. 4200-ல் 1600 போனால் 2600. மாத்திரை 1260 போனால் மீதி 1340. பேனாவை மூடிவிட்டு மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டான். அவன் ரொம்ப நாளாக வாரம் இரண்டு நாள்தான் வந்துகொண்டிருந்தான். மூன்றாவது நாள் வந்தால் ஒரு ஷிப்ட் போய்விடும். கப்பல் தேதி நெருங்குகிற வாரமென்றால் ஒன்றரை ஷிப்ட்.

பாஸ்பரஸ் ஏறுவது உடம்புக்குத் தெரியாது, அதுதான் இதில் இருக்கிற தொந்தரவு. பொட்டாசியம் ஏறினால் இதயம் காட்டிக்கொடுக்கும். நீர் ஏறினால் மூச்சு வாங்கும். பாஸ்பரஸ் ஏறினால் சிலருக்கு அரிப்பு வரும், பலருக்கு அதுவும் வராது. சாதாரணமாக 2.5-லிருந்து 4.5 வரை இருக்க வேண்டிய அளவு எனக்கு ஒரு சமயம் 6.8 இருந்தது. அன்றைக்கு நான் நன்றாக நடந்து கோயிலுக்குப் போய் வந்தேன்.

உடம்பில் அதைக் கவனிக்கிறவர்கள் வேறு. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல நாலு சுரப்பிகள், பாராதைராய்டு. (இவற்றை முதலில் கண்ணால் பார்த்துக் குறித்தது மனிதனில் இல்லை. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1849-ல் இறந்த நம் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் பார்த்தார். மனிதனில் விவரித்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவ மாணவர் ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-ல்.) ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. சிறுநீரகம் கெட்டால் பாஸ்பரஸ் ஏறுகிறது, வைட்டமின் டி வேலை செய்கிற வடிவத்துக்கு மாறுவதில்லை, கால்சியம் இறங்குகிறது. உடனே இந்தச் சுரப்பிகள் பி.டி.எச். என்ற ஹார்மோனை ஊற்ற ஆரம்பித்து, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கின்றன. எலும்பைக் கரைத்தால் கால்சியத்தோடு பாஸ்பரஸும் சேர்ந்தே வரும். அதனால் கதை இன்னும் மோசமாகிறது.

வகுப்பு லீடரை நினைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் அடங்கவில்லை என்று கத்துவான். அடங்காதபோது இன்னும் கத்துவான். ஒரு மாதம் இப்படியே விட்டால், பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் கத்துவான், பழகிவிடும். சுரப்பியும் அப்படிப் பெருத்துவிட்டால் அப்புறம் பாஸ்பரஸைக் குறைத்தாலும் கேட்பதில்லை. அதற்கு முன்னாலேயே பிடிக்க வேண்டும். எலும்பை விட்டு வந்த கால்சியம் சும்மா இருப்பதில்லை. பாஸ்பரஸோடு சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரிலும் இதய வால்விலும் சுண்ணாம்பாகப் படிகிறது. எங்களில் நிறையப் பேரைக் கொண்டுபோவது சிறுநீரகம் இல்லை, இதயம்.

என் ஆய்வகத்தில் பி.டி.எச். சாதாரண உச்ச அளவு 65. டயாலிசிஸ்காரர்களுக்கு அதைப்போல இரண்டிலிருந்து ஒன்பது மடங்குக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது உலக அளவிலான வழிகாட்டுதல். அதாவது சுமார் 130-லிருந்து 585 வரை. ரொம்பக் குறைத்துவிட்டாலும் எலும்பு புதுப்பிக்காமல் சோம்பிப் போகும் என்பதால் கீழேயும் ஒரு கோடு உண்டு. ஒரே ஒரு அறிக்கையைப் பார்த்துப் பதறாமல், தொடர்ந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு 412, 690, 745 என்று ஏறி, இப்போது 560. பாஸ்பரஸ் 5.1. அவனுக்கு 1480 வரை போனது. போன வருடம் துணிக்கட்டைத் தூக்கும்போது விலா எலும்பில் விரிசல் விட்டது அதனால்தான் என்றார்கள்.

இதற்கு மருந்து இல்லையா என்றால், உண்டு. கால்சிட்ரியால் கொடுக்கலாம். ஆனால் அது குடலில் பாஸ்பரஸையும் கூடுதலாக உள்ளே இழுக்கும் என்பதால், பாஸ்பரஸ் ஏறிக்கிடக்கும்போது டாக்டர்கள் தயங்குவார்கள். சினாகால்செட் என்று ஒன்று உண்டு. அது சுரப்பியை அடக்கும், சிலருக்குக் குமட்டும், கால்சியத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். எதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. மூன்றரைச் சுரப்பியை எடுத்துவிடுவார்கள், அல்லது நாலையும் எடுத்து ஒரு துண்டை முன்கையில் பதித்துவைப்பார்கள். அவனுக்கு அந்தப் பேச்சு வந்துவிட்டது. மூன்று மாதம் பார்க்கலாம் என்று தவணை கொடுத்திருக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் கவனிக்க வேண்டியது இது. நான் பட்டினி கிடக்கவில்லை. டயாலிசிஸ்காரர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல். புரதம் இருக்கிற இடத்தில் பாஸ்பரஸும் இருக்கும், அதுதான் சங்கடம். அதில் எங்களுக்குக் கிடைத்த வரம் முட்டையின் வெள்ளைக்கரு. புரதம் உண்டு, பாஸ்பரஸ் மஞ்சள் கருவோடு போய்விடும். பருப்பைக் கண்டு முன்பு போல மிரட்டுவதும் இல்லை. தானியம், பயறில் இருக்கிற பாஸ்பரஸில் பாதிகூட நம் குடலில் ஏறாது. ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டால் இன்னும் நல்லது. என் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் இன்னும் உண்டு, அளவோடு.

உண்மையான எதிரி பாக்கெட்டில் இருக்கிறான். பதப்படுத்துவதற்காகச் சேர்க்கிற பாஸ்பேட் உப்பு நூற்றுக்குத் தொண்ணூறும் உள்ளே ஏறிவிடும். கறுப்பு கோலா, பாக்கெட் சீஸ், பதப்படுத்திய கறி, சில பேக்கரி பலகாரம். பாக்கெட்டில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று பொதுவாக அச்சடித்திருக்காது. பொடி எழுத்தில் எண் மட்டும் இருக்கும். 338, 339, 340, 341, 450, 451, 452. வருகைப் பதிவேட்டு எண் மாதிரி எனக்கு மனப்பாடம். கடைக்காரப் பையன் நான் பூதக்கண்ணாடியோடு வருவதைப் பார்த்தாலே சிரிக்கிறான், சிரிக்கட்டும். நம் ஊரில் ராத்திரி ஷிப்ட் ஓடுவதே பேக்கரி டீயிலும் பஃப்ஸிலும்தான். அவனிடம் அதைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னேன். இப்போது வீட்டிலிருந்து இட்லியும் பொரியும் கட்டிக்கொண்டு போகிறான்.

மாத்திரையைச் சாப்பாட்டின் நடுவில் போட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பந்தி முடிந்தபின் இலை போட்ட மாதிரி. அதனால் நான் கல்யாணப் பந்தியில் பையைத் துழாவினால் என்ன தொலைந்தது என்று தேட வேண்டாம். மாத்திரை விலை கட்டுப்படியாகாதவர்கள் டாக்டரிடம் பொதுப்பெயரில் எழுதித் தரச் சொல்லி ஜன் ஔஷதி கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது கம்பெனி நடத்துகிற மாணவர்களுக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. அதனால் நம் ஊரில் பலருக்கு இயந்திரத்துக்குக் காசு தடையில்லை. தடை ஷிப்ட்தான். அவன் முதலாளியிடம் இந்தக் கணக்குக் காகிதத்தையே கொண்டுபோய்க் காட்டினான். அவர் படித்தவர் இல்லை, ஆனால் கணக்குத் தெரிந்தவர். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ், மதியத்துக்கு மேல் வேலை, அரை ஷிப்ட் போட்டுக்கொள், சாயங்காலம் சம்பளத்தையும் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். மூன்று மாதமாக மூன்று நாளும் வருகிறான். போன பரிசோதனையில் பி.டி.எச். 1480-லிருந்து 1120-க்கு வந்திருக்கிறது. இன்னும் தப்பிவிடவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் பிறகுதான் அறுவை சிகிச்சை உண்டா இல்லையா என்று தெரியும்.

உங்கள் கம்பெனியில் ஓவர்லாக்கிலோ செக்கிங்கிலோ அயனிங்கிலோ இப்படி ஒருவர் இருக்கலாம். வாரம் இரண்டு நாள் போதும் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த மூன்றாவது நாளுக்கு நேரம் ஒதுக்க என்ன வழி என்று இரண்டு பேரும் பேசுங்கள். இந்தக் கணக்கை யாருக்காவது உட்கார்ந்து விளக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு அனுப்புங்கள், சொல்லித் தருகிறேன். சிலேட்டு இன்னும் இருக்கிறது.

போன் செய்கிறவர்கள் செவ்வாய், வியாழன், சனி காலையில் செய்ய வேண்டாம். கையில் ஊசி இருக்கும், எடுக்க முடியாது. மாலை நாலு மணிக்கு மேல் பேசலாம்.