ஒப்பிடுவது வேறு, உவமிப்பது வேறு

இன்று ஒரு சின்ன இங்கிலீஷ் பாடம். ஓய்வு பெற்றாலும் வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'லைக்கன்' என்று ஒரு வினைச்சொல். 'லைக்' என்றால் 'போல' என்று ஒரு பொருள் உண்டல்லவா, அதிலிருந்து வந்தது. 'டார்க்', 'டார்க்கன்' ஆவதைப் போல. தமிழில் இதற்கும் 'கம்பேர்' என்பதற்கும் 'ஒப்பிடு' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பமே அங்கேதான். 'கம்பேர்' என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒற்றுமையும் தெரியும், வேற்றுமையும் தெரியும். 'லைக்கன்' அப்படியில்லை. இது அதைப் போன்றது என்று சொல்லியே விடும். 'உவமித்தல்' என்றால் சரியாக இருக்கும். பின்னால் 'டு' வரும், 'வித்' வராது.

போன வாரம் சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, சரியா என்று கேட்டு ஒரு வாக்கியம் அனுப்பினாள். தன் அப்பா தன்னைப் பெரியப்பா மகளோடு 'லைக்கன்' செய்கிறார் என்று. 'வித்' போட்டிருந்தாள், அது சின்ன விஷயம். பொருளே மாறிவிட்டது. "நீ அவளைப் போல இருக்கிறாய் என்று அப்பா சொன்னால்தான்ம்மா இந்தச் சொல் வரும்" என்று எழுதினேன்.

"அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை சார். அப்போ கம்பேர்தான்" என்று பதில் வந்தது.

கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் எழுத ஓடவில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பதிவிடுகிறேன். அவள் அப்பாவும் என்னிடம் படித்தவர்தான், இதையும் படிப்பார்.

பிறகு அவளுக்கு வேறு எடுத்துக்காட்டு கொடுத்தேன். நம் பள்ளத்தாக்கு விவசாயிகள் பென்னிகுயிக்கைச் சாமிக்கு 'லைக்கன்' செய்கிறார்கள். 1895-ல் பெரியாறு அணையை முடித்த மனிதர். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம், ஜனவரி 15 பிறந்த நாளுக்குப் பொங்கல், வீட்டுக்கு வீடு படம். தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறார். இது பயன் உவமை. அந்தக் கோட்டும் மீசையும் நம் ஊர்ச் சாமி எதற்கும் ஒத்துவராது. வாய்க்காலில் வருகிற தண்ணீர் ஒத்துவருகிறது.

சரி, ஆளுக்கொரு வாக்கியம் கமெண்டில் எழுதுங்கள். சுருளி அருவி, மேகமலை, திராட்சைக் கொடி, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வேண்டாம். 'டு' போட மறக்காதீர்கள், பார்த்துத் திருத்துவேன்.